பச்சை என்றால் பச்சைதான்

படியேறுவதற்கு முன் பானுப்ரியா செருப்பைக் கழற்றுகிறாள், குழாயடியில் குனிகிறாள், நெற்றித் திருநீற்றைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். சும்மா இல்லை, புருவத்து இடுக்கு, காது மடல், கழுத்துச் சங்கிலி வரைக்கும். ஸ்டிக்கர் பொட்டு மட்டும்தான் மிஞ்சும். மலைமேல் முருகன் உட்கார்ந்திருக்கிற திருத்தணியில், காலை எட்டரை மணிக்கு, கோபுரம் தெரிகிற வாசலில் ஒருத்தி திருநீற்றை அழித்துக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் நின்று பார்க்காமலா இருப்பார்கள்? அவள் யாரையும் கண்டுகொள்வதில்லை. முந்தானையால்கூடத் துடைக்கமாட்டாள். அதற்கென்று கொடியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்குகிறது.

அந்தக் குழாய் என்னுடையது. படி, மாடி, மாடியில் சுற்றும் மின்விசிறி எல்லாமே என்னுடையது. ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டி ஓய்வு பெற்றவன் நான், பெயர் வரதராஜன். நான்கு வருஷத்துக்கு முன் ஹரிஹரன் என்கிற எஞ்சினியர் தம்பி சென்னையிலிருந்து வந்து மாடியை வாடகைக்குக் கேட்டபோது, டியூஷன் சென்டர் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வந்து இறங்கியதோ ஒரு ஓவன், ஒரு பிரிண்டர், ஃபில்டர் பேப்பர் கட்டுகள். அப்புறம் அம்மையார்குப்பம் பஸ்ஸிலிருந்து இந்தப் பெண். தெருவில் கேட்டால் "பேப்பர் கம்பெனி" என்பார்கள். மாடியில் கவர் ஒட்டுகிறார்கள் என்று என் சம்பந்தி இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் செய்வது கவர் அல்ல. கட்டைவிரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு. அதன் ஒரு முனையில் பொட்டு அளவில் ஒரு மஞ்சள் வட்டம். கர்ப்பிணியின் சிறுநீரில் அதை நனைத்து எடுத்து ஒரு நிமிஷம் பார்க்கவேண்டும். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் கவலையில்லை. பச்சையானால் சிறுநீரில் புரோட்டீன் இறங்குகிறது என்று அர்த்தம். கூடவே ரத்த அழுத்தமும் ஏறியிருந்தால் தாய்க்கு வலிப்பு வரலாம், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. முன்னாலேயே தெரிந்தால் இரண்டு உயிரையும் காப்பாற்றிவிடலாம். லேப் இல்லாத கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸம்மா, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், இந்தத் துண்டு. இவ்வளவு போதும்.

ஃபில்டர் பேப்பரில் முதலில் மெழுகால் வட்டங்கள் அச்சாகும். ஓவனில் இரண்டு நிமிஷம் வைத்தால் மெழுகு உருகித் தாளின் அடிவரைக்கும் இறங்கி, ஒவ்வொரு வட்டத்துக்கும் மதில் எழுப்பிவிடும். மதிலுக்குள் ஒரு சொட்டுப் புளிப்பு மருந்து. அது காய்ந்ததும் ஒரு சொட்டுச் சாயம். மறுபடி காயவைத்து, பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி, நறுக்கி, ஈரம் உறிஞ்சும் குருணைப் பொட்டலத்தோடு அலுமினியப் பையில் போட்டுச் சூடு வைத்து மூடவேண்டும். வடகம் போடுகிற மாதிரிதானே இருக்கிறது என்று ஒருநாள் வாயை விட்டேன். "வடகத்துல உப்பு கொறைஞ்சா தொட்டுக்க மாட்டீங்க, அவ்ளோதான் நைனா. இதுல கொறைஞ்சா ஆளே பூடும்" என்றாள். என்னை அவள் நைனா என்றுதான் கூப்பிடுகிறாள். பெற்ற பெண் அப்பா என்று கூப்பிடுவதைவிட இது ஒரு சிட்டிகை கூடவே இனிக்கிறது. பெண் இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஈரம்தான் இந்தக் காகிதத்துக்கு எமன். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்ட ஹரிஹரன் ஒரு மீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். பானுப்ரியா அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, வெளியறை ஜன்னலில் கிண்ணத்தில் வைத்திருக்கும் பொரியில் நாலு எடுத்து வாயில் போடுவாள். மொறுமொறுத்தால் பேக்கிங் உண்டு. "நமுத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எவரும் பையைத் தொடக்கூடாது. ஒருநாள் மீட்டர் ஒன்று சொன்னது, பொரி வேறொன்று சொன்னது. பார்த்தால் மீட்டருக்குப் பேட்டரி தீர்ந்திருந்தது. அந்த வெற்றியை மூன்று மாசம் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் இளங்கோவன் வீட்டில் நான்கு பவர்லூம் ஓடுகிறது. கல்யாணமாகி வந்த புதிதில், சாயம் போட்டு வந்த நூலில் ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பாதியைத் திருப்பி அனுப்பிவிடுவாளாம். ஹரிஹரன் வேலைக்கு எடுத்தது அந்தக் கண்ணை. பிளஸ் டூ சர்ட்டிபிகேட்டை அல்ல. மஞ்சளில் அவளுக்கு ஐந்து மஞ்சள் உண்டு. எலுமிச்சை, பூசணிப்பூ, கடலைமாவு, பழுத்த வேப்பிலை, பழைய வேட்டி. முதல் இரண்டு பாஸ். மற்றவை குப்பைக்கூடைக்கு. என் மனைவி பிரேமா எலுமிச்சை மஞ்சள் என்று ஆசையாக வாங்கி வந்த புடவையை ஒருதரம் பார்த்து, "கடலமாவுக்கா இது" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குத்தான் சரியான சோறு கிடைக்கவில்லை.

முன்பெல்லாம் இவளும் நெற்றி நிறையத் திருநீறோடுதான் மாடியேறுவாள். அதை நிறுத்தவைத்த மகானுபாவன் நான்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை. பானுப்ரியா புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்ததால் லீவு. மூவாயிரம் துண்டுகள் உடனே வேண்டும் என்று சுகாதார நிலையங்களில் கேட்டிருந்ததால், மாடியில் அவளோடு வேலை செய்யும் சினேகாவும் இன்னும் இரண்டு பெண்களும் அரைநாள் வந்திருந்தார்கள். நான் விடியற்காலையிலேயே மலையேறி, கூட்டத்தில் நசுங்கி, தரிசனம் பண்ணிவிட்டு, கைநிறைய விபூதிப் பொட்டலங்களோடு திரும்பினேன். மாடியில் பிள்ளைகள் பண்டிகை நாளில் வேலை செய்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. நேரே மேலே போய், ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, தலையில் போட்டிருந்த வலைத்தொப்பியை ஏற்றிவிட்டு நெற்றியில் அள்ளிப் பூசினேன். சினேகா பக்தியோடு ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அலமாரியில் முருகன் படத்துக்கு முன் வைத்தாள். அலமாரிக்குக் கீழே தட்டுகளில் காகிதம் காய்ந்துகொண்டிருந்தது. புழுக்கமாக இருக்கிறதே என்று விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டு வந்ததும் நான்தான். ஹரிஹரன் அப்போது அங்கேதான் இருந்தார். அவர் நெற்றியிலும் பூசினேன், குனிந்து வாங்கிக்கொண்டார். பவுடர் கூடாது, பூ கூடாது, ஈரக்கை கூடாது என்றெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருந்தவருக்குத் திருநீறு என்று எழுதத் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்?

மறுநாள் பானுப்ரியா வந்து வழக்கம்போல் அந்த மூவாயிரத்தின் தொகுதியைச் சோதித்தாள். அவள் கணக்கு ஆயிரத்துக்கு இருபது துண்டு. பாதியை வெறும் உப்புத்தண்ணீரில் முக்குவாள், மஞ்சளாகவே நிற்கவேண்டும். பாதியைப் புரோட்டீன் கலந்த தண்ணீரில் முக்குவாள், பச்சையாகவேண்டும். அவள் எடுத்தவை அலமாரிக்கு எட்டத்தில் காய்ந்தவை போல, எல்லாம் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் தொகுதி எண் உண்டு, இது நாற்பத்தொன்று. பெட்டி கட்டி, பதினோரு துணை சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, அம்மையார்குப்பம் பக்கம் வேலை பார்க்கும் கிராம நர்ஸ் தேவகி போன் செய்தார். ஏழு பேருக்குப் பச்சை காட்டியிருக்கிறது. ஏழு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். ஏழு பேருக்கும் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பானுப்ரியா அன்று மதியச் சாப்பாட்டுக் கூடையைத் திறக்கவேயில்லை. பஸ் பிடித்துப் போய், தேவகியை எதிரில் உட்காரவைத்து, மிச்சமிருந்ததில் முப்பது துண்டுகளை வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தாள். நான்கு பச்சையாயின. ஆனால் அவை பச்சையான விதம் வேறு. புரோட்டீன் என்றால் வட்டம் முழுக்க ஒரே சமயத்தில் நிறம் மாறும். இவற்றில் ஓரமாக ஊசிமுனையளவு ஒரு நீலப்புள்ளி தோன்றி, அங்கிருந்து சுற்றிலும் பரவியது. நான்கு பேர் பார்த்திருந்தால் நான்கு பேரும் பச்சை என்றுதான் சொல்லியிருப்பார்கள். மேலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது என்று அவள் சொன்னாள்.

சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு புதுக் காகிதத் துண்டு, ஒரு டம்ளர் தண்ணீர். பெண்களிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பூஜை அலமாரியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு கேட்டாள். கொடுத்தேன். மஞ்சள் வட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அதைத் தொட்டு, தண்ணீரில் நனைத்து, என்னிடம் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நீலப்புள்ளி கிளம்பி வட்டத்தையே பச்சையாக்கியது.

"தாளுக்குப் புளிப்பு குடுத்து வெச்சிகினு கீறோம் நைனா. திருநீறு பட்டா அந்தப் புளிப்பு செத்துடுது. அதான் பொய்ப்பச்சை காட்டுது."

எனக்குக் கோபம் வந்தது. முருகன் பிரசாதத்தையா குற்றம் சொல்கிறாய் என்று கத்தினேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்று இரவு முழுக்க அந்தத் துண்டு என் மேஜைமேல் கிடந்தது. ஏழு பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு பஸ் ஏறி, பயந்து, வரிசையில் நின்று திரும்பியிருக்கிறார்கள், நான் தடவிய பொடிக்காக. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று எழுதுவது எளிது. இரண்டு நாள் நான் குழாயடிப் பக்கம் போகவில்லை.

ஹரிஹரன் நல்லவர்தான். ஆனாலும் புதுத் தொகுதியைச் செய்து கொடுத்துவிட்டுப் பழையதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தார். சின்னக் கம்பெனி, பெயர் கெட்டால் எழுந்திருக்க முடியாது என்றார். படியில் நின்று பானுப்ரியா அவருக்குச் சொன்ன பதில் கீழே எனக்கு நன்றாகக் கேட்டது.

"மாத்திக் குடுத்தா தாளுதான் சார் மாறும். நாளிக்கி நெசமாவே ஒருத்திக்குப் பச்சையாச்சுன்னா, இது அன்னிக்கி மாரி பொய்யின்னு நெனச்சினு உட்ருவாங்க. இன்னா ஆச்சின்னு அவுங்களுக்குச் சொல்லணும். சொன்னாதான் மறுபடி நம்புவாங்க."

சொன்னார்கள். பதினோரு இடத்துக்கும் அவளே போனாள். மூன்று நாள், டவுன் பஸ்ஸில், ஒவ்வொரு நர்ஸம்மாவிடமும் உட்கார்ந்து, நாற்பத்தொன்றாம் தொகுதியை எண்ணி வாங்கி, பொய்ப்பச்சை எப்படி வரும், நிஜப்பச்சை எப்படி வரும் என்று நனைத்துக் காட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எந்த ஊரிலும் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. "எங்க ரூம்புல திருநீறு விழுந்துட்சி, நாங்கதான் பார்க்கல" என்பாள். போகிற இடமெல்லாம் இந்த "நாங்க"வைக் கேட்டுக் கேட்டு நான் பையிலிருந்த துண்டுகளையே மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டாம் தொகுதியை ஆயிரத்துக்கு நூறு வீதம் சோதித்துவிட்டுத்தான் வெளியே விட்டாள். குழாயடிக் குளியல் ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

ஆவணி கடைசியில் தேவகியிடமிருந்து மறுபடி போன். அந்த ஏழு பேரில் ஒருத்தி ஷோபனா. பானுப்ரியாவின் ஊரிலேயே, இரண்டு தெரு தள்ளி வீடு. இப்போது எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, தலைவலி என்று இரண்டு நாளாகப் படுத்திருக்கிறாள். பிரஷர் பார்க்கக்கூட மாமியார் சின்னம்மாள் நர்ஸை உள்ளே விடவில்லை. போன தடவை நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் பட்டினி கிடந்து திரும்பிய கோபம் அவர்களுக்கு. பானுப்ரியா படியிறங்கி வந்தாள். "நைனா, சட்டைய மாட்டிகினு வாங்க. இன்னிக்கி நீங்களே சொல்லணும்" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தேவகி தெருவில் நின்றுகொண்டிருந்தார், சின்னம்மாள் வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் தறி சத்தம் காதைப் பிளந்தது. அதற்கு மேல் குரலெடுத்து, ஆடிக் கிருத்திகையன்று நான் செய்த காரியத்தை நானே சொன்னேன். பார்சல் ஆபீஸில் தொலைந்த மூட்டைக்குக்கூட நான் இப்படி நின்று மன்னிப்புக் கேட்டதில்லை. அந்த அம்மாள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் பத்திரிகை போடாது. திட்டி முடித்துவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "மனுசன் பூசினாலும் சாமி பூசினாலும், பொய் சொன்ன காகிதம் எங்க ஊட்டுக்குள்ள வராது."

பானுப்ரியா பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் டம்ளர்களை எடுத்தாள். ஒன்றைத் தேவகியிடம் கொடுத்து, உள்ளே ஷோபனாவிடம் தரச் சொன்னாள். இன்னொன்றைத் தானே எடுத்துக்கொண்டு, "பின்னால பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். சின்னம்மாள் படியிலிருந்து எழுந்து கையைக் காட்டினார். தேவகி அந்த இடைவெளியில் உள்ளே நுழைந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் துணி துவைக்கிற கல்லின்மேல் இரண்டு டம்ளர்களும் இருந்தன. பானுப்ரியா மூடியிருந்த பையைச் சின்னம்மாள் கையில் கொடுத்தாள். பிரித்தது அவர், இரண்டு துண்டுகளைப் பொறுக்கி எடுத்தது அவர், இரண்டையும் முக்கியதும் அவர்தான். "எனக்கு நாலு மாசம் மின்னாடி பாத்தது, ஒண்ணுமில்ல. இன்னிக்கி இன்னா காட்டுதோ, நீங்களே பாருங்கத்த" என்றாள் பானுப்ரியா. நாங்கள் நான்கு பேரும் கல்லைச் சுற்றிக் குனிந்து நின்றோம். ஒரு நிமிஷம் அவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியாது. பானுப்ரியாவின் துண்டு எலுமிச்சையாகவே நின்றது. ஷோபனாவின் துண்டில் புள்ளி எதுவும் கிளம்பவில்லை. வட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் நிறம் மாறி, பச்சையாகி, இன்னும் அடர்ந்தது.

தன் காகிதம் சரியாக வேலை செய்தால் பானுப்ரியாவின் முகம் மலரும். அன்று மலரவில்லை. "ஆட்டோவக் கூப்டுங்க" என்றாள். சின்னம்மாள் தெருவுக்கு ஓடினார்.

ஷோபனாவுக்கு இப்போது பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். சினேகா போய்ப் பார்த்துவிட்டுக் குழந்தை மூக்கு பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்ல நினைத்தது அதுவல்ல. அன்று திருத்தணி ஆஸ்பத்திரியில் நடந்தது.

பிரஷர் நூற்று அறுபதுக்கு மேல் இருந்தது. இன்று வந்தது நல்லதாயிற்று என்று சொல்லி, டாக்டரம்மா ஊசி போடச் சொல்லிவிட்டு, அட்மிஷன் சீட்டை எழுத உட்கார்ந்தார். சின்ன வயசு, கண்ணில் தூக்கமில்லை. சிறுநீர் பார்த்தாயிற்றா என்று கேட்டார். சின்னம்மாள் இடுப்பில் சொருகியிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்த இரண்டு துண்டுகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது இந்தப் பொண்ணுது, இது என் மருமவளுது. நானே முக்கிப் பாத்தேன். பச்சைன்னா பச்சைதாம்மா."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். போன மாசம் இந்தக் காகிதம் தப்பாகக் காட்டியது என்று ஏழு பேர் வந்து போனார்களே, அதே காகிதமா இது என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பானுப்ரியா கையை நீட்டி, பச்சைத் துண்டைப் புரட்டி, பின்பக்கத்து எண் டாக்டரம்மாவுக்கு நேராகத் தெரியும்படி வைத்தாள். நாற்பத்தொன்று அல்ல, நாற்பத்திரண்டு. அதை அவர் சீட்டில் எழுதி முடிக்கும்வரை, எண்ணுக்கடியில் ஊன்றிய விரலை அவள் எடுக்கவில்லை.